பதினேழாவது கேள்வி

எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்கள் பதினோரு பேர். அவர்கள் கொண்டுவரும் படிவங்களைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பத்துப் பேருடைய கட்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவருடையதை மட்டும் பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஓரங்களில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கும். சில தாள்களின் பின்புறம் பச்சை கிரேயானில் யாரோ வட்டம் வட்டமாகச் சுழித்திருப்பார்கள்.

"இது என்னங்க, புது மாதிரி கையெழுத்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ல யாரோ குழந்தை கிறுக்கிடுச்சு சார்," என்றார் அவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனால் நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. வார்டில் எல்லோரும் அவரை 'கணக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. கேள்வி கேட்கும்போது எழுதும் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார். முகத்தைப் பார்த்துக் கேட்டு, பதிலை மனதில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் எழுதுவார். மற்றவர்கள் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துகிற வீடுகளில்கூட இவருக்கு நாற்காலி கிடைக்கும்.

கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டரை வயதில் ஒரு மகள், வீட்டில் கூப்பிடுகிற பெயர் வாண்டு. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் வந்து கூட இருக்க ஆள் கிடையாது. எதிர் வீட்டு அம்மா ஒருவர் ஒரு வருடம் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். மகளுடைய பிரசவத்துக்கு ஒரு வாரம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், பேரன் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தனியார் காப்பகம் ஒன்று இருந்தது. அங்கே சேர்த்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அதோடு சரியாக ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கணக்கு அக்கா ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார், ஏனென்றால் வேலைக்குப் போனவர்கள் திரும்பிவரும் நேரமே அதுதான்.

ஆகவே அவர் வாண்டுவைத் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போக ஆரம்பித்தார். கணக்கெடுப்பவருடன் வேறு யாரும் போகக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. வேறு யாரும் என்பதில் இரண்டரை வயதும் அடக்கமா என்று விதியில் இல்லை. அவரும் கேட்கவில்லை.

இப்படி ஐந்து மாதம் ஓடியபோதுதான் அந்தக் கணக்கெடுப்பு வந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. முடிவைப் பார்த்துவிட்டு, அரசு செலவில் குழந்தைகள் காப்பு மையம் திறப்பதா வேண்டாமா, திறந்தால் எந்தெந்த வார்டில் என்று நகரசபை தீர்மானிக்கும். மொத்தம் இருபத்து நான்கு கேள்விகள். பதினேழாவது கேள்வி இது: 'நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்?' பதிலுக்கு ஐந்து கட்டங்கள்: தாய், தந்தை, உறவினர், சம்பளத்துக்கு ஆள், மற்றவை.

முதல் வாரப் படிவங்களை ஏற்றி முடித்துப் பார்த்தால், நூற்றுக்கு எழுபத்தொரு வீட்டில் 'உறவினர்'. எனக்கே ஆச்சரியம். ஊரில் இவ்வளவு அத்தைகளும் சித்திகளும் சும்மா இருக்கிறார்களா என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். இதே போக்கில் போனால் மையம் எதுவும் தேவைப்படாது என்பது தெளிவு.

இரண்டாவது வாரம் கணக்கு அக்கா நான்காவது மாடியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருந்த பெண் மருந்துத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி கட்டுகிறவர். காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிப்ட். நான்கு வயதில் ஒரு பையன், ஏழு வயதில் ஒரு பெண்.

பதினேழாவது கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னார். "எங்க அத்தை பாத்துக்கறாங்க."

அதற்குள் வாண்டு கையை உதறிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டது. திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. கணக்கு அக்கா அவனிடம் ஒரு பேச்சுக்காகத்தான் கேட்டார்: "அத்தைப் பாட்டி எங்கடா கண்ணு?"

"அத்தைப் பாட்டி ஊர்ல இருக்காங்க. போன்ல வருவாங்க," என்றான் பையன்.

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வாண்டுவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இது உங்க பொண்ணா?"

"ஆமாங்க."

"வேலைக்குக் கூட்டிட்டா வரீங்க? ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு," என்றார் கணக்கு அக்கா.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார். "பூட்டிட்டுத்தான் போறேன் அக்கா. எட்டரை வரைக்கும் பெரியவ இருப்பா. அவ வெளியில பூட்டி, பக்கத்து வீட்ல சாவியக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போயிடுவா. அப்புறம் ரெண்டேகால் வரைக்கும் இவன் மட்டும்தான். கேஸ் சிலிண்டர மூடிடுவேன். ஜன்னலச் சாத்திடுவேன். டிவி ஓடிக்கிட்டே இருக்கும். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டி ஒரு குரல் குடுப்பாங்க. இத எழுதிடாதீங்க அக்கா. போலீஸ் கேஸ் அது இதுன்னு ஆயிட்டா நான் எங்க போவேன்?"

"பேரும் வீட்டு நம்பரும் எங்க ஆபீஸ விட்டு வெளிய போகாதுங்க. எண்ணிக்கை மட்டும்தான் போகும்," என்றார் கணக்கு அக்கா. அது விதி, அதை அவர் நம்பினார். "அப்ப போட்டுக்கங்க," என்றார் அந்தப் பெண்.

கணக்கு அக்கா ஐந்தாவது கட்டத்தில் குறியிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் 'பூட்டிய வீடு' என்று எழுதினார்.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து முதல் வாரம் தானே எழுதிய 'உறவினர்' எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். அறுபத்து நான்கு வீடு. மறுநாளிலிருந்து அந்த அறுபத்து நான்கு வீட்டுக்கும் திரும்பப் போனார். இந்த முறை வாண்டுவை வாசல் ஓரமாக நிறுத்தவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். "என் பொண்ணுதாங்க. பாத்துக்க ஆள் இல்ல, அதான் கூட்டிட்டு வரேன். போன தடவை அவசரமா கேட்டுட்டேன், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டார். இருபத்தொன்பது வீட்டில் பதில் மாறியது.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு படிவம் வந்தால் எங்கள் கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தும். இருபத்தொன்பது முறை கத்தியது. என்னால் அதை மூடி மறைக்க முடியாது. சூப்பர்வைசர் அம்மாவின் மேசைக்குக் கட்டோடு கொண்டுபோனேன்.

சூப்பர்வைசர் அம்மா ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். கண்டிப்பானவர், ஆனால் ஆள் பார்த்து நடக்க மாட்டார். கணக்கு அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. குழந்தையைக் கூட்டிப்போவதையும் தானாகவே சொல்லிவிட்டார். பிஸ்கட் தூளின் மர்மம் அன்று அதிகாரபூர்வமாக வெளிப்பட்டது.

"நீங்க பண்ணினது கணக்கெடுப்பு இல்ல," என்றார் சூப்பர்வைசர் அம்மா. "மடியில பிள்ளைய வெச்சுக்கிட்டு, பாத்துக்க ஆள் இல்லன்னு நீங்களே சொன்னா, எதிர்ல இருக்கறவங்க அதுக்குத் தோதாத்தானே பேசுவாங்க? பதில நாம தூண்டக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க மேடம்."

"அப்புறம்?"

"மொத தடவ நான் ஒண்ணுமே சொல்லாமத்தான் கேட்டேன். பொய்தான் கிடைச்சது."

"ரெண்டாவது கிடைச்சது மட்டும் நிஜம்னு எப்படிச் சொல்றீங்க?"

 எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சூப்பர்வைசர் அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது பெத்தவங்க பொறுப்பும்மா. நானும் ரெண்டு பிள்ளைய வளத்தேன், இதே வேலையில இருந்துக்கிட்டு. எந்த அரசாங்கமும் வந்து எனக்குத் தொட்டில் ஆட்டல."

"யார் மேடம் பாத்துக்கிட்டாங்க?"

"எங்க அக்கா."

"அவங்க வேலைக்குப் போகலையா?"

"டெலிபோன் ஆபீஸ்ல இருந்தா," என்றார் சூப்பர்வைசர் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "விட்டுட்டா," என்றார். பிறகு பேனாவை மூடித் திறந்து, எழுத்துபூர்வமாக மெமோ கொடுத்தார். அந்த வார்டின் படிவங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

அந்தப் பேச்சு எனக்குள்ளும் கொஞ்சம் குடைந்தது. என் வீட்டுக்கு யாராவது இந்தப் படிவத்தைக் கொண்டுவந்திருந்தால் 'தாய்' என்று மார்தட்டிச் சொல்லியிருப்பேன். என் மனைவி அச்சகத்தில் பிழைதிருத்திக்கொண்டிருந்தவள். மூத்தவன் பிறந்தபோது நின்றவள்தான். நிற்கட்டுமா என்று அவள் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. நிற்க வேண்டாம் என்று நான் சொன்ன ஞாபகமும் இல்லை.

சூப்பர்வைசர் அம்மா ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவர் அல்ல. சந்தேகத்துக்குரிய பத்து வீடுகளுக்குத் தானே நேரில் போய்க் கேட்பதாக முடிவுசெய்தார். எழுதுவதற்கு நான். கணக்கு அக்கா வரக் கூடாது, குழந்தையும் வரக் கூடாது.

முதல் வீடு ஒரு தச்சருடையது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மூன்று வயதுப் பையன் மரத்தூள் குவியலில் உட்கார்ந்து மரத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"அரசாங்கத்துக்கு எதுக்குங்க இந்த வேலை? பெத்தது நான். என் கண்ணு முன்னால வளரட்டும்னு நினைக்கறேன். அங்க கொண்டு விட்டா இருபது பிள்ளைக்கு ஒரு ஆள் இருப்பாங்க. இவன் அழுதா அவங்களுக்கு என்ன தெரியும், பசிக்கு அழறானா, பயத்துல அழறானான்னு? ரோட்டப் போடச் சொல்லுங்க, அது போதும்."

சூப்பர்வைசர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "இவர் சொல்றதுல என்ன தப்பு?" என்றார் வெளியே வந்ததும். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. அந்தப் பையன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

அடுத்து மூன்று வீடுகளில் முதலில் சொன்ன 'உறவினர்' என்ற பதிலே வந்தது. கணக்கு அக்காவின் இரண்டாவது படிவம் ஒன்றும் அங்கே தேறவில்லை. சூப்பர்வைசர் அம்மா தலையாட்டிக்கொண்டே படியிறங்கினார். ஐந்தாவது வீட்டில் வெகுநேரம் தட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

திறந்தவர் ஒரு வங்கியில் இரவுக் காவல் பார்ப்பவர். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. இடது மணிக்கட்டில் ஒரு பழைய துண்டின் ஒரு முனை கட்டியிருந்தது. இன்னொரு முனை தரையில் இழுபட்டுக்கொண்டு போய், பின்னால் நின்ற ஒன்றரை வயதுக் குழந்தையின் கணுக்காலில் முடிந்தது. மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் காலையிலிருந்து நான்கு மணி வரை வேலை என்றார்.

சூப்பர்வைசர் அம்மா பதினேழாவது கேள்வியைக் கேட்டார்.

"நான்தாங்க பாத்துக்கறேன்."

"நீங்க எப்பத் தூங்குவீங்க?"

"இவன் கூடவேதான்."

"இது எதுக்கு?" துண்டைக் காட்டினார்.

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "நான் அசந்துட்டேன்னா இவன் கதவுப் பக்கம் போயிடுவான் மேடம். துண்டு இழுத்தா எனக்கு முழிப்பு வந்துடும். நல்ல ஏற்பாடுதான். போன மாசம் ஒரே ஒரு தடவ முடிச்ச அவனே அவுத்துட்டான். கெட்டிக்காரன். நான் முழிச்சுப் பாத்தா ஆளக் காணோம். மாடிப்படி ஓரத்துல உக்காந்து கால ஆட்டிக்கிட்டிருந்தான்."

மூன்றாவது மாடி அது. படிக்கட்டுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே எட்டிப் பார்த்துவிட்டு, "தந்தைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுலயே போடுங்க சார். உண்மைதானே?" என்றார். உண்மைதான். முதல் முறை இந்த வீட்டிலும் 'உறவினர்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது படிவத்தில் கணக்கு அக்கா 'தந்தை' கட்டத்தில் குறியிட்டு, ஓரத்தில் 'தூங்கும் தந்தை' என்று எழுதியிருந்தார்.

மீதி ஐந்து வீட்டுக்கும் போனோம்.  பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "யாருன்னு மட்டும் கேட்டிருக்கோம்," என்றார் சூப்பர்வைசர் அம்மா. "அந்த நேரத்துல அவங்க வேற என்ன செஞ்சுக்கிட்டிருக்காங்கன்னு கேக்கவே இல்ல."

மறுநாள் அவர் மேலிடத்துக்கு எழுதினார். பதினேழாவது கேள்வியைப் பிரித்து, பார்த்துக்கொள்பவர் யார், அதே நேரத்தில் அவர் செய்யும் வேறு வேலை என்ன, பார்த்துக்கொள்பவர் அதே வீட்டில் வசிப்பவரா என்று மூன்றாக்க வேண்டும் என்றார். குழந்தை தனியாக இருப்பதற்கும், வேலையிடத்துக்குக் கூட வருவதற்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்றார். மேலிடம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. ஆறு வாரம் எல்லா வார்டிலும் மறுபடியும் கேட்டார்கள்.

அந்த ஆறு வாரமும் கணக்கு அக்கா தனியாகத்தான் போனார். வாண்டு எங்கள் பதிவேட்டு அறையில் இருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. முதல் நாள் சூப்பர்வைசர் அம்மாவே ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, "நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். என் முறையின்போது இரண்டு வருட மழை அளவுப் பதிவேடு பச்சைக் கிரேயானுக்குப் பலியானது. மூன்று வயதைத் தொடும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கம்கூடச் சரிபார்க்க முடியாது என்பதை நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

புதிய கணக்கில் எழுபத்தொன்று முப்பத்தெட்டாக இறங்கியது. நூற்றுக்குப் பதினாறு குழந்தைகள் தினமும் சில மணி நேரமாவது தனியாக. நகரசபையில் சண்டை நடந்தது. "பிள்ளைய அரசாங்கமா பெத்துச்சு?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார் என்றும், "வரி மட்டும் அரசாங்கத்துக்குத்தானே கட்டறாங்க?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார் என்றும் பேப்பரில் வந்தது. கடைசியில் நான்கு மையங்களுக்கு அனுமதி. அதில் ஒன்று கணக்கு அக்காவின் வார்டில், பழைய தபால் நிலையக் கட்டடத்தில். மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது.

மையம் திறக்கப் பதினெட்டு மாதம் ஆயிற்று. சுவருக்கு மஞ்சள் பூச்சு, முப்பது சிறிய நாற்காலிகள், கூர்முனை இல்லாத மேசைகள். நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை. முதல் மாதம் வந்த குழந்தைகள் நான்கு பேர்.

"பாத்தீங்களா? தேவையே இல்லாததுக்கு இவ்வளவு செலவு," என்று மேலிடத்தில் சிரித்தார்கள்.

கணக்கு அக்கா யாரையும் கேட்கவில்லை. விடுமுறை நாட்களில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போனார். இந்த முறை ஒரே ஒரு கேள்விதான்: "காலையில எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்புவீங்க?" எண்பத்து மூன்று வீட்டில் ஐம்பத்தெட்டு வீட்டின் பதில் ஏழு மணிக்கு முன்னால். அந்தப் பட்டியலை சூப்பர்வைசர் அம்மாவிடம் கொடுத்தார். ஓய்வுபெறுவதற்கு முன் அவர் கையெழுத்திட்டு அனுப்பிய கடைசிக் கடிதம் அதுதான்.

மூன்று மாதத்தில் மையம் திறக்கும் நேரம் காலை ஐந்தரைக்கு மாறியது. நான்கு குழந்தைகள் இருபத்தாறு ஆனார்கள். தச்சர் தன் பையனை அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

வாண்டு அதற்குள் ஐந்தைத் தொட்டுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. அந்த மையத்தில் அது ஒரு நாள்கூட இருந்ததில்லை. "உங்களுக்கு ஆதங்கமா இல்லையா?" என்று கணக்கு அக்காவிடம் கேட்டேன்.

"இருக்கு சார். அவ சின்ன வயசுல பாதிய நான் பஸ்லயும் அடுத்தவங்க வாசல்லயும் கழிக்க வெச்சுட்டேன். அத யாரும் திருப்பித் தர முடியாது." பிறகு தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அரசாங்கம் பாத்துக்கணும்னு நான் என்னைக்கும் கேக்கல. பிள்ளைய நான்தான் பாத்துக்கணும். பாத்துக்கறதுக்கு ஒரு வழி விடுங்கன்னுதான் கேட்டேன்."

நேரம் மாறிய முதல் வாரம் இருவரும் மையத்தைப் பார்க்கப் போனோம். புதிதாகச் சேர்ந்திருந்த பராமரிப்புப் பெண் கதவைத் திறந்தார். ஐந்தரைக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் நாலேமுக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவர் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

"இது யார் வீட்டுக் குழந்தை?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னோடதுதான் சார். விதியில இடம் இல்லன்னு சொல்றாங்க. மேல சொல்லிடாதீங்க."

கணக்கு அக்கா அவர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை வாங்கினார். காலியாக இருந்த அடுத்த வரியைக் காட்டி, "குழந்தை பேரச் சொல்லுங்க," என்றார்.

"பிரச்சினை ஆயிடும் அக்கா."

"ஆகட்டும். எழுதினாத்தான் எண்ணிக்கையில வரும்."

அந்தப் பெண் பெயரைச் சொன்னார். இருபத்தேழாவது வரியில் கணக்கு அக்கா அதை எழுதினார்.